பரணில் கிடைத்த பழைய ஹாலோபாடி எலெக்ட்ரிக் கிட்டார்: எந்த ஊர்த் தயாரிப்பு, எப்படிச் செட்டப் செய்வது?

ஓடம்போக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்தபோது, பத்தாயத்துக்கு மேலே இருந்த பரணிலிருந்து ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கினோம். என் சின்னத் தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, 1964-இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது கையோடு கொண்டுவந்த கிட்டார் இது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் இதைத்தான் வாசித்தார். வீட்டில் எல்லோரும் இதை அமெரிக்க நிறுவனமான 'கிப்சன்' செய்தது என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் தலைப்பகுதி முழுவதும் யாரோ கறுப்பு எனாமல் பூசியிருப்பதால் பெயர் எதுவும் தெரியவில்லை.

பார்த்தவற்றை எழுதுகிறேன். உடலின் மேல்பலகையும் அடிப்பலகையும் வயலினைப் போலப் புடைத்திருக்கின்றன. ஆங்கில f எழுத்து வடிவில் இரண்டு எஃப் துளைகள் உள்ளன. கைப்பேசி விளக்கைத் துளைக்குள் காட்டினால் நடுவில் மரக்கட்டை எதுவும் இல்லை, உள்ளே முழுவதும் வெறுமையாக இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு. ஒவ்வொன்றின் வெள்ளிநிற மூடியிலும் இரண்டு கறுப்புக் கீற்றுகள் இருக்கின்றன. மேல்பலகையில் ஒரு நீள்சதுரத் தகடும், அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகுகளும் மூன்று தள்ளு சுவிட்சுகளும் இருக்கின்றன. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் நட்டை ஒட்டி ஒரு ஃப்ரெட் (குறுக்குக் கம்பி) கூடுதலாக உள்ளது. உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. தந்திகள் துருப்பிடித்துவிட்டன. பெட்டியைத் திறந்தவுடன் கற்பூர வாசனை வந்தது. பூச்சி வராமலிருக்க யாரோ கற்பூரம் போட்டு வைத்ததாக அம்மா நினைக்கிறார்.

இது யார் செய்த கிட்டார், இதை மறுபடி வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். புதுத் தந்திகள் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.


உறையூர்த் தந்தி எழுதியது:

மாட்டாமல் வைத்திருப்பது நல்லது. இன்னும் சில நாள் அப்படியே இருக்கட்டும்.

கிப்சன் என்பதை முதலில் விலக்கிவிடலாம். கழுத்துக்குள் இரும்புக் கம்பியைப் பதித்து, அதைத் திருகி வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் அமைப்பைக் கிப்சன் 1920களிலேயே கொண்டுவந்துவிட்டது. போர்க்காலத்தைத் தவிர்த்தால், அவர்களுடைய கிட்டாரின் தலையில் நட்டுக்கு மேலே மணி வடிவத்தில் ஒரு சிறிய மூடி இருக்கும், அதற்குள் திருகு இருக்கும். உங்கள் கிட்டாரில் அந்த மூடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எனாமலுக்கு அடியிலாவது அப்படியொரு குழி தென்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நட்டை ஒட்டிய கூடுதல் ஃப்ரெட்டுக்கு ஜீரோ ஃப்ரெட் என்று பெயர், அதுவும் கிப்சன் வழக்கமன்று. நடுக்கட்டை இல்லை என்பதால் இது 1958-இல் வந்த கிப்சனின் இ.எஸ். 335 வகையைச் சேர்ந்த அரைவெற்று உடலும் அன்று, உள்ளே முழுவதும் வெற்றான ஹாலோபாடி.

ஜீரோ ஃப்ரெட்டும் தள்ளு சுவிட்சும் 1960களின் ஜப்பானியக் கிட்டார்களிலும் உண்டு, சிங்கப்பூர் வழியாக அவை நிறைய வந்தன. ஆனாலும் உங்கள் வர்ணனையைப் படித்தவுடன் என் மனம் ஜெர்மனிக்குத்தான் போகிறது. மூன்று விவரங்கள் வேண்டும். சுவிட்சுகளின் அருகில் என்ன எழுதியிருக்கிறது? பிரிட்ஜின் மேல்முகம் எப்படி இருக்கிறது? தலையின் எனாமலைச் சுரண்டாமல், இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தால் எழுத்தின் மேடு ஏதேனும் தெரிகிறதா?


ஓடம்போக்கி எழுதியது:

தலையில் குழியோ மூடியோ இல்லை. சுவிட்சுகளின் அருகே 'ரிதம்', 'சோலோ' என்றும், 'பாஸ் ஆன்', 'ட்ரெபிள் ஆன்' என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. பிரிட்ஜ் கறுப்பு மரத்தாலானது. அதன் மேல்முகத்தில் பக்கம் பக்கமாகச் சில கோடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன, அந்தப் பள்ளங்களில் ஃப்ரெட் கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் செருகியிருக்கிறார்கள். நான்கு துண்டுகள்தாம் இருக்கின்றன, இரண்டு தந்திகளுக்குத் துண்டு இல்லை.

நேற்றிரவு மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். எனாமலுக்கு அடியில் எழுத்துகளின் விளிம்பு நிழலாகத் தெரிந்தது. முதல் எழுத்து சரியாகப் புலப்படவில்லை. இரண்டாவது வட்டமான எழுத்து, அதன் தலையில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. உடலுக்குள் ஒட்டியிருந்த காகிதச் சீட்டை இராமபாணப் பூச்சி தின்றதுபோக ஓரங்கள்தாம் மிச்சம்.


உறையூர்த் தந்தி எழுதியது:

அந்த இரண்டு புள்ளிகள் போதும். இது ஜெர்மன் நிறுவனமான ஹோஃப்னர், Höfner என்று எழுதும்போது இரண்டாம் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் வரும். ஃப்ரெட் துண்டுகள் செருகிய பிரிட்ஜும், ரிதம், சோலோ என்று எழுதிய நீள்சதுரத் தகடும் அதை உறுதிசெய்கின்றன. ஜப்பானியர் இவற்றைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள், ஆனால் இத்தனை அடையாளங்களும் ஒருசேர அமைவது அவர்களிடம் அரிது.

கார்ல் ஹோஃப்னர் 1887-இல் தொடங்கிய பட்டறை அது. இன்று செக் நாட்டில் இருக்கும் ஷோன்பாக் என்ற ஊரில் வயலின் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது, அந்த வயலின் தொழிலாளர் குடும்பங்கள் பவேரியாவில் பூபென்ராய்ட் என்ற சிற்றூரில் குடியேறின, 1950களின் தொடக்கத்திலிருந்து ஹோஃப்னரின் வேலை அங்கே நடந்தது. பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹம்பர்க் நகரில் வாங்கிய வயலின் வடிவ பேஸ் கிட்டாரும் அங்கே பிறந்ததுதான். உங்கள் கிட்டாரின் மேல்பலகைப் புடைப்பு வயலினை நினைவூட்டியது தற்செயலன்று.

ஆண்டுக்கு வருவோம். மூடியில் இரண்டு கறுப்புக் கீற்றுகள் கொண்ட பிக்கப்பை, ரொட்டி சுடும் டோஸ்டரின் வாயைப் போல இருப்பதால், டோஸ்டர் என்றே அழைப்பார்கள். அதை ஹோஃப்னர் 1958-ஐ ஒட்டிப் பயன்படுத்தத் தொடங்கி, 1960-61-இல் வேறு வகைக்கு மாறியது. திருகக்கூடிய ட்ரஸ் ராட் அவர்களிடம் 1960-ஐ ஒட்டித்தான் வந்தது, உங்களுடையதில் அது இல்லை. ஆகவே 1958-க்கும் 1960-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். 1964-இல் அது சில ஆண்டுகள் பழகிய கிட்டாராகத்தான் உங்கள் சின்னத் தாத்தாவின் கைக்கு வந்திருக்க வேண்டும். மாடல் பெயர் பூச்சி தின்ற சீட்டோடு போனதற்காக வருந்த வேண்டாம். செட்டப்புக்கு வேண்டியது கழுத்துக்குள் கம்பி இல்லை என்ற செய்திதான்.

இப்போது அவசரமான ஒன்று. அந்தக் கற்பூர வாசனை யாரும் போட்டு வைத்த கற்பூரத்தினுடையதாக இருக்காது. தந்திகளுக்குக் கீழே, விரல் நகம் படாமலிருக்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் தகட்டை நுகர்ந்து பாருங்கள். அந்தக் காலத்துத் தகடுகள் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான் செல்லுலாய்டு செய்வார்கள். அது வயதாகிச் சிதையும்போது அமிலப் புகையை வெளியிடும், பெட்டி மூடியிருந்தால் அந்தப் புகை பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். தகட்டின் ஓரம் பழுப்பேறிப் பொடிகிறதா, அருகிலுள்ள பிக்கப் மூடியில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே கழற்றி, காற்றோட்டமான வேறிடத்தில் தனியாக வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விளக்கின் அருகிலோ, சால்டரிங் கருவியின் அருகிலோ கொண்டுபோகாதீர்கள்.


ஓடம்போக்கி எழுதியது:

நீங்கள் எழுதியபடியே இருந்தது. தகட்டின் கீழ்மூலை வெல்லப்பாகு உறைந்ததுபோல் பழுப்பாகி, தொட்டவுடன் உதிர்ந்தது. கழுத்தை ஒட்டிய பிக்கப் நன்றாக இருக்கிறது, தகட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பிரிட்ஜ்புறப் பிக்கப்பின் மூடி ஓரத்தில் பச்சை படர்ந்திருக்கிறது. தகட்டைக் கழற்றிக் காகித உறையிலிட்டு மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் வைத்துவிட்டேன்.


குடந்தை மெல்லிசை எழுதியது:

மேடையில் முப்பது ஆண்டுகளாக வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பழம்பொருளாகப் பாதுகாப்பது ஒரு வழி, வாசிப்பது இன்னொரு வழி. வாசிப்பதென்றால் அந்த மர பிரிட்ஜை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தந்திக்கும் தனித் திருகுள்ள உலோக பிரிட்ஜ் போடலாம். பிக்கப்பை இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கராக மாற்றினால் இரைச்சலும் போகும். தந்தியை முறுக்கும் புதுக் கீகளும் போட்டுவிட்டால் சுருதி நிற்கும்.


தஞ்சைப் பலாமரம் எழுதியது:

நான் வீணை வேலை செய்பவன், கிட்டாரும் பழுது பார்ப்பதுண்டு. குடந்தை நண்பர் சொல்வது மேடையின் தேவையிலிருந்து வருகிறது, அதை மதிக்கிறேன். ஆயினும் ஹம்பக்கர் பொருத்த மேல்பலகையை அறுத்துத் துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். அறுத்த பலகையை எந்தத் தச்சனாலும் பழையபடி வளர்க்க முடியாது. பிரிட்ஜை மாற்றுவது அப்படியன்று, பழையதை எடுத்து வைத்துவிட்டுப் புதியதை நிறுத்தினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். திரும்ப முடிகிற மாற்றத்தைச் செய்யலாம், திரும்ப முடியாததைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அதிலும் இந்தப் பிரிட்ஜ் மாற்ற வேண்டிய பொருளே அன்று, இரண்டு துண்டுகள் காணாமற்போன பொருள்.

தம்பி, நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மரமும் ஒட்டும். பரணில் ஓட்டின் வெப்பமும், கீழேயிருந்து வரும் ஈரமும் மாறி மாறி அடித்திருக்கும். அந்தக் காலத்தில் கிட்டாரை வச்சிரப் பசையால்தான் ஒட்டினார்கள். வச்சிரம் ஈரத்திலும் சூட்டிலும் இளகும். கழுத்து உடலில் சேரும் இடத்தில், அடிப்புறக் குதிங்காலின் ஓரத்தில், ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள், தந்தி ஏற்றவே கூடாது. போகவில்லையென்றால், விரல் முட்டியால் மேல்பலகையையும் அடிப்பலகையையும் ஓரம் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் சத்தம் இறுகியிருக்கும், விட்ட இடத்தில் சலசலக்கும். உளுத்த மரமென்றால் துளைகளுக்கு அடியில் மாவு கொட்டியிருக்கும். வீணையை வாங்கும்போது குடத்தை இப்படித் தட்டித்தான் பார்ப்போம்.


ஓடம்போக்கி எழுதியது:

ஐயா, காகிதம் உள்ளே போகவில்லை. கீழ்ப்பக்கம், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கு இடப்புறம் நான்கு விரல் அகலத்துக்கு ஓரத்தில் சலசலப்பு கேட்கிறது. மாவு எங்கும் இல்லை.


தஞ்சைப் பலாமரம் எழுதியது:

நான்கு விரல் அகலம் பெரிய குறையன்று. பிளவில் பழைய வச்சிரம் இருப்பதால் அதன்மேல் புது வச்சிரமே பிடிக்கும், ஃபெவிகால் வேண்டாம். வச்சிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கும் நீரில் வைத்த கிண்ணத்தில் இளக்கி, மெல்லிய கத்தியால் பிளவுக்குள் ஊட்டி, துணிப்பட்டையால் சுற்றி ஒரு நாள் இறுக்கிக் கட்டி வையுங்கள். நேரடி நெருப்பில் காய்ச்சினால் பசையின் வலு போய்விடும். கை பழகாவிட்டால் தஞ்சைக்குக் கொண்டுவாருங்கள்.


உறையூர்த் தந்தி எழுதியது:

ஒட்டு காய்ந்தபின் தந்திக்கு வரலாம். நீங்கள் வாங்கி வைத்திருப்பது எந்த அளவு?


ஓடம்போக்கி எழுதியது:

12 முதல் 52 வரை (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஜாஸ் கிட்டாருக்கு அதுதான் ஏற்றது என்று கடையில் கொடுத்தார்கள்.


உறையூர்த் தந்தி எழுதியது:

கம்பி பதித்த கழுத்தென்றால் அது சரி. உங்கள் கழுத்து வெறும் மரம். 12–52 செட் முழுச் சுருதியில் 60 கிலோவுக்கு மேல் இழுக்கும், 10–46 செட் ஏறத்தாழ 45 கிலோதான் இழுக்கும். ஆண்டுக்கணக்காக எந்த இழுவையும் இல்லாமல் கிடந்த மரத்தின்மேல் முதல் நாளே அந்தப் பெரிய பாரத்தை ஏற்றாதீர்கள். நிக்கல் சுற்றிய 10–46 வாங்குங்கள். முதல் மூன்று நாள் ஒரு முழு ஸ்வரம் இறக்கிச் சுருதி வையுங்கள், பிறகு ஏற்றுங்கள்.

பிரிட்ஜ் எங்கே நிற்க வேண்டும் என்பதை மேல்பலகையே சொல்லும். பழைய பிரிட்ஜின் பாதம் பல ஆண்டுகள் அழுத்திய இடத்தில் வார்னிஷ் மங்கிப் போயிருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அதைக் கணக்காலும் சரிபார்க்கலாம். ஜீரோ ஃப்ரெட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டியுங்கள், பிரிட்ஜ் அந்தத் தூரத்துக்குச் சில மில்லிமீட்டர் அப்பால், தடித்த தந்தியின் பக்கம் இன்னும் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். பிரிட்ஜ் பாதம் புடைத்த பலகையில் முழுமையாகப் படிகிறதா என்றும் பாருங்கள். இடைவெளி தெரிந்தால், மேல்பலகையில் உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலாக வைத்து, அதன்மேல் பிரிட்ஜை முன்னும் பின்னும் தேய்த்துப் படிய வைக்கலாம். அப்போது பலகையின் வார்னிஷைக் காக்க உப்புத்தாளின் ஓரங்களை நாடாவால் ஒட்டிக்கொள்ளுங்கள்.


நாகைக் கலங்கரை எழுதியது:

மின்பகுதியைப் பற்றி நான் எழுதுகிறேன். பெரும்பாலான ஹாலோபாடி கிட்டார்களில் வயர்களை எஃப் துளை வழியே நூல் கட்டி இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஹோஃப்னரில் அந்தத் துன்பம் இல்லை. நீள்சதுரத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினால் சுவிட்சும் திருகும் தகட்டோடு சேர்ந்து மேலே வந்துவிடும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து ஒவ்வொரு பிக்கப்பையும் அளந்து பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடிருக்கிறது. எதையும் காட்டாவிட்டாலும் சுருள் போய்விட்டதாக முடிவுகட்டாதீர்கள், பச்சை அரித்தது வெளியே வரும் வயரின் பற்றவைப்பாகவும் இருக்கலாம். தள்ளு சுவிட்சுகளில் காண்டாக்ட் கிளீனர் சிறிதளவு அடித்து இருபது முப்பது முறை தள்ளுங்கள். டெயில்பீஸுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருந்தால் தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் குறையாது, அதையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கிட்டாரோடு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஏதேனும் கிடைத்திருந்தால் அதை அப்படியே மின்சாரத்தில் செருகாதீர்கள். எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்குடன் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால், 230 வோல்ட் தந்தி வழியே கைக்கு வரும். மழைக்காலத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கையும் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் மேடை போடும் கரையோர ஊர்களில் இதை நான் நேரில் கண்டிருக்கிறேன், அன்று அந்த வாசிப்பாளர் பிழைத்தது அருகிலிருந்தவர் மெயினை அணைத்ததால்தான்.


ஓடம்போக்கி எழுதியது:

கழுத்துப்புறப் பிக்கப் அளவு காட்டியது. பிரிட்ஜ்புறப் பிக்கப் எதையும் காட்டவில்லை. மூடியின் ஓரத்தில் வயர் வெளியேறும் இடத்தைப் பஞ்சால் துடைத்தபோது, பச்சைப் பொடியோடு வயரின் ஓர் இழை தனியாக வந்துவிட்டது. ஊரிலுள்ள ரேடியோ பழுதுபார்ப்பவர் அதைச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார். இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகின்றன.

வச்சிர ஒட்டுக்கும், பிரிட்ஜில் விடுபட்ட துண்டுகளுக்கும் தஞ்சைக்குச் சென்று வந்தேன். ஐயா ஒரு ஃப்ரெட் கம்பியை நறுக்கி, அதன் வாலை அரத்தால் இழைத்துப் பள்ளத்தில் தட்டிச் செருகியதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். செருகியபின் நகத்தால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. ஆனால் தந்தி ஏற்றியபின் 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால் மூன்று தந்திகள் சுருதி கூடிப் பேசுகின்றன. விரல் அழுத்தாமல் திறந்து மீட்டினால் ஈ தந்தியும் கரகரக்கிறது.


தஞ்சைப் பலாமரம் எழுதியது:

தம்பி, வீணையில் குதிரை, அதாவது பிரிட்ஜ், நிலைத்து நிற்கும். ஃப்ரெட்டுகளான இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகில் நகர்த்தி நகர்த்திக் காதால் மேளம் கட்டுவோம். கிட்டாரில் மெட்டுகள் நிலைத்து நிற்கின்றன, குதிரைதான் நகர வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் ஒலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தினால் எழும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடியிருந்தால் அந்தத் தந்தியின் நீளம் போதவில்லை, துண்டை டெயில்பீஸ் பக்கமுள்ள அடுத்த பள்ளத்துக்கு மாற்றுங்கள். எல்லாத் தந்தியும் கூடியிருந்தால் துண்டை விட்டுவிட்டுப் பிரிட்ஜ் முழுவதையும் பின்னுக்குத் தள்ளுங்கள். பள்ளங்கள் படிப்படியாக இருப்பதால் இம்மி பிசகாத சுருதி கிடைக்காது, காதுக்குப் போதுமான சுருதி கிடைக்கும். தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்துங்கள், மொத்தமாக அவிழ்த்தால் பிரிட்ஜ் விழுந்து இடம் தவறிவிடும்.

திறந்த தந்தி கரகரப்பது ஜீரோ ஃப்ரெட் தேய்ந்ததால். ஈ தந்தி உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். ஒரு ஃப்ரெட்டை மட்டும் மாற்றினால் போதும், கழுத்தின் மற்ற ஃப்ரெட்டுகளைத் தொட வேண்டாம்.


உறையூர்த் தந்தி எழுதியது:

கழுத்தின் வளைவையும் அளந்துவிடுங்கள். மிகத் தடித்த ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் தந்தியே நேர்கோலாகிவிடும். 7-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையில் 0.25 மி.மீ. இருந்தால் நலம், 0.4 வரை பொறுக்கலாம். அதற்கு மேலென்றால், ட்ரஸ் ராட் இல்லாத கழுத்துக்குத் தந்தியை மெலிதாக்குவது அல்லது கைதேர்ந்தவரிடம் சூடேற்றி அழுத்தி நிமிர்த்துவது என்ற இரண்டே வழிகள்தாம் எளிதில் உண்டு. வளைவு சரியானபின் பிரிட்ஜின் பக்கத் திருகுச் சக்கரங்களால் உயரத்தை வையுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் மெல்லிய தந்திக்கு 1.5 முதல் 2 மி.மீ., தடித்ததற்கு 2 முதல் 2.5 மி.மீ. போதும்.


குடந்தை மெல்லிசை எழுதியது:

பலாமரம் ஐயா எழுதியதைப் படித்தபின் ஹம்பக்கர் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மேடையில் ஒலி கூடும்போது வெற்று உடல் தானே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும், அதுதான் என் கவலையாக இருந்தது. அதற்கு எஃப் துளைகளில் மெல்லிய பஞ்சுத் துண்டை அளவாக வெட்டிச் செருகினால் பெருமளவு அடங்கும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.


ஓடம்போக்கி எழுதியது:

ஜீரோ ஃப்ரெட் மாற்றியாகிவிட்டது. ஒரு வாரம் முழுச் சுருதியில் நின்றபின் அளந்தேன். வளைவு 0.35 மி.மீ., உயரம் 1.8 மற்றும் 2.3 மி.மீ. பிரிட்ஜை ஏறத்தாழ 2 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, ஜி தந்தியின் துண்டை ஒரு பள்ளம் மாற்றியபின் 12-ஆம் ஃப்ரெட்டில் ஐந்து தந்திகள் ஒத்துப்போகின்றன, பி தந்தி மிகச் சிறிதளவு கூடியிருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். 'ரிதம்' சுவிட்சைத் தள்ளியபோது ஒலி சற்று அடங்கியதும், எண்பது வயதைத் தாண்டிய என் பாட்டி சமையற்கட்டிலிருந்து வந்து கதவருகில் நின்றார். அவர் கொழுந்தனார் பாடகருக்குப் பின்னால் வாசிக்கும்போது வந்த சத்தம் இதுதான் என்றார்.

தலையிலுள்ள எனாமலை எடுக்கலாமா என்று கேட்க நினைத்தேன். குழுவுக்கு ஒரே நிறம் வேண்டுமென்று அவரே பூசியதாகப் பாட்டி சொன்னதால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். ஒரேயொரு ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை எப்படி வைத்துக்கொள்வது?


தஞ்சைப் பலாமரம் எழுதியது:

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், பரணுக்கு மீண்டும் அனுப்பாதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சிறிய ஈரமானி ஒன்றையும் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருந்தால் நல்லது, நம் பக்கத்து அடைமழையில் அது 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி வைக்கலாம், ஆனால் அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது, வச்சிரம் இளகிவிடும். ஐப்பசியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் 7-ஆம் ஃப்ரெட் இடைவெளியை அளந்து, பெட்டியின் மூடிக்குள் தேதியோடு எழுதி வையுங்கள்.


ஓடம்போக்கி எழுதியது:

முதல் அளவை இன்றே எழுதி ஒட்டிவிட்டேன், ஐயா. கழற்றிய பழைய ஜீரோ ஃப்ரெட்டையும் அதே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.